அம்மாவின் இடக் கைக்கு ஒரு சங்கிலிக் கூடை

உ
சிவமயம்

உரும்பிராய் கிழக்கு,
24.08.1993

அன்புள்ள மகன் குகநேசனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இந்த வரி எழுதும் மட்டும் நாங்கள் உயிரோடும் ஓரளவு சாப்பாட்டோடும் இருக்கிறோம். நீயும் அங்கே குளிர் படாமல், வேலை குறையாமல் இருக்க நல்லூரானை வேண்டுகிறோம். வழக்கம் போல நலம் என்று தொடங்கத்தான் பேனையை எடுத்தேன், முதல் சொல்லிலேயே பொய் வந்துவிடும் போல இருந்தது, அதனால் கொஞ்சம் மாற்றி எழுதியிருக்கிறேன், குறை நினைக்காதே. எழுத்துப் பிழைகளையும் பொறுத்துக்கொள். இதுவரை உனக்கு வந்த கடிதங்கள் எல்லாம் அம்மாவின் கையெழுத்து, அம்மாவின் நோய்ச் செய்தியை மட்டும் வேறு ஆளைக் கொண்டு எழுதுவித்தேன், மற்றப்படி நான் பின்னால் நின்று “நான் சுகம் எண்டு எழுதும்” என்று சொல்வதோடு சரி. எஸ்.எஸ்.ஸி. சோதனை இரண்டு தரம் எடுத்தும் என்னை வேண்டாம் என்ற தமிழ்ப் பாடத்தோடு இந்த வயதில் திரும்பவும் மல்லுக்கட்ட வேண்டி வந்திருக்கிறது.

அம்மாவைப் பற்றி முதலில் எழுதிவிடுகிறேன், கடிதத்தை விரித்தவுடன் நீ அதைத்தான் தேடுவாய். பொங்கலுக்குப் பிறகு வந்த பாரிசவாதத்தில் கால் இப்போது பரவாயில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு குசினி வரை நடக்கிறா. வாய்க் கோணலும் நேராகிவிட்டது, என்னை ஏசிப் பேசும்போது ஒரு சொல்லும் தவறாமல் வந்ததில்தான் அதைக் கண்டுபிடித்தேன். வலக் கை மட்டும் அப்படியே. தோளில் இருந்து கீழே ஈரத் துணி மாதிரித் தொங்குகிறது. ஆஸ்பத்திரி டொக்டர் எங்கள் இருவரையும் இருத்தி வைத்துத்தான் சொன்னார், “அம்மா, இந்தக் கை இனி வேலைக்கு உதவாது, இடக்கையைப் பழக்குங்கோ, சாப்பிட, உடுக்க, தலை இழுக்க எல்லாத்துக்கும் பழக்குங்கோ” என்று. நான் கேட்டேன், அம்மா கேட்கவில்லை. மண்ணெண்ணெயில் ஓடும் வாடகைக் காரில் இருமிக்கொண்டு திரும்பி வரும்போது “அவர் சின்னப் பெடியன், மீசையே இன்னும் வடிவா வரேல்லை” என்று மட்டும் சொன்னா. அன்றிலிருந்து அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு, தூரத்துக்குப் போன ஆளுக்குக் காத்திருப்பது போல அதற்குக் காத்திருக்கிறா.

சாப்பாடுதான் பெரிய கரைச்சல். இடக்கையால் சோறு தொடமாட்டா. உனக்குத் தெரியும்தானே, சின்ன வயதில் நீ இடக்கையால் ஒரு வாழைப்பழத்தை எடுத்ததற்கே அகப்பைக்காம்பு பறந்து வந்தது. நான் கரண்டியால் தீத்துகிறேன். புருஷன் தீத்துவது வெட்கம் என்று நாலு வாய் வாங்கிவிட்டு “போதும், நெஞ்சு அடைக்குது” என்று முகத்தைத் திருப்பிவிடுவா. சின்னம்மா பாலேஸ்வரி பக்கத்து வளவில் இருந்து வந்து குளிக்க வார்த்து விடுவாள், உடுப்பு மாற்றி விடுவாள், ஆனால் அவள் கையாலும் சாப்பிடமாட்டா, தங்கச்சி முன்னால் வாய் திறக்க இன்னும் வெட்கம். ஆள் பாதியாகிவிட்டா. சட்டைக்கு இரண்டு பக்கமும் பின் குத்தித்தான் போடுகிறாள் சின்னம்மா. எனக்கு இரவில் வரும் யோசனை ஒன்றுதான். நான் சந்தைக்குப் போகிறேன், வருகிறேன், மேலே குண்டு போடும் பொம்மர் சுற்றுகிறது. ஒரு நாள் நான் திரும்பி வராவிட்டால் சோறு முன்னால் இருக்கும், கை மடியில் இருக்கும், அம்மா பசியோடு இருப்பா. இதை அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன், “நீங்கள் வராட்டி நான் ஏன் சாப்பிடவேணும்” என்று கேட்டா.

இப்படி இருக்கையில்தான் உன் கடிதம் வந்தது. பிறகு படங்கள் வந்தன, பிறகு அந்தச் சிவப்புத் தட்டு வந்தது. தட்டைக் கொழும்பில் கையேற்றுக் கொண்டுவந்தவர் அரியாலை யோசப்பின் என்ற ரீச்சர். வவுனியாச் சென்ரியில் ஆமிக்காரன் அதை வெளியே எடுத்து, பிரட்டி, தட்டி, வெயிலுக்குப் பிடித்துப் பார்த்து, இது என்ன என்று கேட்டானாம். ரீச்சருக்கும் தெரியாது, சோறு தின்னும் தட்டு, சோத்துக் கோப்பை என்று சொல்லிவிட்டா. அவன் கொஞ்சம் தமிழ் தெரிந்தவன், “இதிலை குழம்பு நிக்காதே” என்றானாம். “குழம்பு இருந்தால்தானே தம்பி நிக்கவேணும்” என்று ரீச்சர் சொல்ல, அவன் சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டானாம். இரண்டு பேருக்கும் நல்ல மனது. அந்தத் தட்டு பிறகு கிளாலிக் கடலில் வள்ளம் ஏறி, ரீச்சரின் மடியில் இருந்து தண்ணீர் இறைத்துக்கொண்டு வந்ததாம். நீ கனடாவில் எறிய வாங்கிய சாமான் இங்கே வரும் வழியிலேயே ஒரு வேலை செய்துவிட்டது.

விளையாட்டின் பெயர் டிஸ்க் கோல்ப் என்று எழுதியிருந்தாய். மற்றக் கோல்ப்பே எனக்குத் தெரியாது, இது அதன் தம்பியாக்கும். கிழமை முழுக்க ரெஸ்ரோறன்ரில் கோப்பை கழுவுகிறவன் ஞாயிற்றுக்கிழமை பார்க்கில் போய்க் கோப்பை எறிகிறான் என்று சின்னம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், “அது கழுவின கோபம் அத்தான், எறியத்தானே வேணும்” என்றாள். படத்தில் உன்னைப் பார்த்தேன், மெலிந்திருக்கிறாய், தொப்பி நல்லாயில்லை. உனக்குப் பக்கத்தில் நிற்கும் அந்தச் சாமானைத்தான் கூடப் பார்த்தேன். ஒரு கம்பம், மேலே ஒரு வளையம், வளையத்தில் இருந்து சுற்றிவரச் சங்கிலிகள், கீழே ஒரு கூடை. எறிகிற தட்டு சங்கிலியில் மோதி, வேகம் செத்து, கூடைக்குள் விழவேண்டும் என்றும், கடையில் வாங்க வசதியில்லாமல் நீயும் கூட்டாளிமாரும் கழித்துவிட்ட சாமான்களில் வீட்டிலேயே ஒன்று செய்து, கழற்றிக் காருக்குள் வைத்துக் கொண்டு திரிகிறீர்கள் என்றும் எழுதியிருந்தாய். அம்மாவின் கைக்கும் நல்ல பயிற்சி என்று கடைசியில் ஒரு வரி போட்டிருந்தாய். நீ நினைத்தது வலக் கையை. நான் நினைத்தது இடக் கையை. சோறு தொடுவதற்குத்தானே இடக்கை கூடாது, கோப்பை எறிவதற்கு எந்தச் சாத்திரம் தடை சொல்லும் என்று நினைத்தேன். முதலில் எறியப் பழகினால் பிறகு கரண்டி பிடிக்கும், அதுதான் என் கணக்கு. கணக்குப் பாடத்திலும் நான் சித்தியடையவில்லை என்பது உனக்கு ஞாபகம் இருக்கும்.

இனிச் செய்த விதத்தைக் கேள், சிரிக்கலாம். இங்கே இரும்பு என்று ஒரு துண்டு வாங்க முடியாது, எல்லாம் தடை. வளையத்துக்கு என் பழைய சைக்கிளின் பின் சில்லு றிம் இருந்தது, கம்பிகளைக் கழற்றி எடுத்தேன். கம்பத்துக்கு வீடு முழுக்கத் தேடிவிட்டு, முன் அறையில் சீலை போர்த்து நிற்கும் ஃபானைப் பார்த்தேன். நீ போன புதிதில் அனுப்பிய முதல் காசில் வாங்கிய ஃபான்தான். கரண்ட் நின்று வருஷம் மூன்றாகிறது, அம்மா வெள்ளிக்கு வெள்ளி சீலையை எடுத்துத் தூசி தட்டித் திரும்பப் போர்த்துவா, இந்தப் பாரிசவாத வருத்தம் வந்த பிறகு சின்னம்மாவைக் கொண்டு தட்டுவிக்கிறா. நல்ல பாரமான இரும்பு அடி, ஏற்றி இறக்கக் கூடிய கம்பம், இதைவிட வேறென்ன வேண்டும். ஆனால் அம்மா “அதைத் தொடாதேங்கோ, கரண்ட் வந்தால் பிள்ளை வாங்கித் தந்தது உதவும்” என்றா. கடைசியில், காலையும் கம்பத்தையும் மட்டும் எடுக்கிறேன், தலையைக் கழற்றிக் கட்டிலுக்குக் கீழே பத்திரமாக வைக்கிறேன், கரண்ட் வந்த அன்றே பூட்டித் தருகிறேன் என்று சொல்லித்தான் எடுத்தேன்.

கூடைக்குக் குசினியில் இருந்த பனையோலைக் கடகத்தின் நடுவில் ஓட்டை போட்டுக் கம்பத்தில் கோத்தேன். சங்கிலிக்குக் கோப்பாய்ச் சந்தி சைக்கிள் கடை அடைக்கலநாதனிடம் போனேன். அவன் இந்த நாளில் ஒரு நட்டையும் எறிவதில்லை, அறுந்த செயின்களை எல்லாம் ஒரு ரின்னில் போட்டு வைத்திருக்கிறான். ஒரு வாழைக்குலையைக் கொண்டுபோய் வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன். “அண்ணை, ஊரிலை சனம் சைக்கிள் ஓட்டச் செயின் இல்லாமல் நிக்குது, நீங்கள் கோப்பை எறிய மாலை கட்டுறியளோ” என்றான். அம்மாவுக்கு, கனகாம்பிகை அக்காவின் கைக்கு என்றவுடன் ரின்னைக் கவிழ்த்துவிட்டான், வாழைக்குலையையும் பாதி வெட்டித் திருப்பித் தந்தான். செயின்களைச் சாம்பலும் தும்பும் போட்டுத் தேய்த்தேன், கை இன்னும் கறுப்பு, சோறு குழைக்கும்போது அம்மா முகத்தைச் சுளிக்கிறா. வளையத்தில் கம்பி முறுக்கி அவற்றைத் தொங்கவிட்டேன். அடி ஒன்று, கம்பம் ஒன்று, சங்கிலி வளையம் ஒன்று என்று கழற்றிச் சைக்கிள் கரியரில் கட்டலாம். உனக்குக் காரில் கொண்டு திரிய, எனக்கு ஹெலிச் சத்தம் கேட்டவுடன் உள்ளே தூக்கிக்கொண்டு ஓட. அதுவும் சின்னம்மாவின் உத்தரவு. “அத்தான், மேலை போறவன் உதைப் பார்த்தால் ஏதோ ஏரியல் எண்டு நினைச்சு எங்கடை வளவுக்குத்தான் முதல் போடுவான், ஆளில்லாத நேரம் உதை முற்றத்திலை விடாதேங்கோ” என்றாள். இடம்பெயர வேண்டி வந்தால் சனம் அரிசியும் பானையும் கட்டும், உன் அப்பன் சோமசேகரம் கோப்பைக் கூடையைக் கட்டிக்கொண்டு ஓடுவான் என்று ஊரில் ஒரு கதை இப்போது உலாவுகிறது.

முதல் எறி நான்தான் எறிந்தேன். தட்டு நேரே வேலிக்கு மேலால் போய்ச் சின்னம்மாவின் வெங்காயப் பாத்தியில் இறங்கியது. இரண்டாவது தென்னை மரத்தில். பிறகு ஒருமாதிரி சங்கிலியில் பட்டது, பட்ட வேகத்திலேயே என்னைத் திரும்பி அடித்தது, நெஞ்சில். சங்கிலி கம்பு மாதிரி விறைத்து நிற்கிறது, தட்டை உள்ளே விடுகிறதில்லை. துருவாக்கும் என்று நினைத்துத் தேங்காய் எண்ணெய் பூசினேன், சின்னம்மா அந்த எண்ணெய்க்கும் பேசினாள். அப்போது கதிரையில் இருந்த அம்மா, அந்த ஃபான் கதைக்குப் பிறகு சாப்பாட்டைத் தவிர வேறொன்றுக்கும் வாய் திறக்காத அம்மா, “இஞ்சாருங்கோ, சைக்கிள் செயின் ஒரு பக்கத்துக்குத்தானே மடியும், நீங்கள் மடியாத பக்கத்தை வெளியிலை விட்டுக் கட்டியிருக்கிறியள், திருப்பிக் கட்டுங்கோவன்” என்றா. பார்த்தால் சரிதான். செயின் முன்னுக்குப் பின் மடியும், பக்கவாட்டில் மடியாது. நான் எல்லாவற்றையும் பக்கவாட்டில் கட்டியிருந்தேன். ஒவ்வொன்றாக அவிழ்த்துத் திருப்பிக் கட்டி முடித்து எறிந்தேன், செயின் உள்ளுக்கு வளைந்து தட்டைக் கட்டிப் பிடித்து மெல்லக் கடகத்துக்குள் விட்டது. சத்தம் என்ன வடிவு தெரியுமா, கோயில் தேரின் சலங்கை மாதிரி. அம்மா சிரித்தா. மகனே, தை மாதத்துக்குப் பிறகு அதுதான் முதல் சிரிப்பு. நான் அன்று மடையன் மாதிரி, இனி எல்லாம் சரிவரும் என்று நினைத்தேன்.

தட்டைக் கொண்டுபோய் அம்மாவின் மடியில் வைத்து, “இப்ப நீர் எறியும் பாப்பம்” என்றேன். அம்மா இடக்கையால் தட்டை எடுத்து வலக்கை விரலுக்குள் செருகினா. விரலை ஒவ்வொன்றாக மடித்து விட்டா. பிறகு அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தா. கை அசையவில்லை, தட்டு மடியில் விழுந்தது. திரும்ப எடுத்துச் செருகினா. அன்று பின்னேரம் முழுக்க அதுதான். சின்னம்மா ஏதோ வேலை என்று எழுந்து போய்விட்டாள். அடுத்த நாளும் அப்படித்தான், அதற்கடுத்த நாளும் அப்படித்தான். கடைசியில் நான் பொறுக்கமாட்டாமல் இடக்கையால் எறியுமன் என்று கேட்டேன். அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வையில் நான் தட்டைவிடச் சின்னதாகப் போனேன். “அரிசி கொழிச்ச கடகம், பிள்ளையளுக்குச் சோறு வடிச்சுப் போட்ட கடகம், அதுக்குள்ளை இடக்கையாலை எறியச் சொல்லுறியளோ, வீட்டிலை இருக்கிற கொஞ்ச லட்சுமியையும் கலைக்கப் போறியளோ” என்றா. ஏற்கெனவே ஓட்டை போட்டதற்கும் அப்போதுதான் சேர்த்து ஏச்சு வாங்கினேன். எனக்கு அது முதலே விளங்கியிருக்க வேண்டும். இந்த வீட்டில் கல்யாணம் கட்டி இவ்வளவு காலம் இருந்தவனுக்கு, கடகத்துக்கும் இடக்கைக்கும் ஒத்துவராது என்று ஒரு பிளாஸ்டிக் தட்டு வந்துதான் சொல்லித் தரவேண்டுமா.

பிறகு ஒரு நாள் யோசித்துவிட்டு, கட்டிலுக்குக் கீழே வைத்த ஃபான் தலையை இழுத்து எடுத்தேன். அதன் பின் கூடு சட்டி மாதிரிக் குழிந்தது, நடுவில் மோட்டார் போக ஓட்டையும் இருக்கிறது, கம்பத்தில் கோக்க அளவாக வந்தது. இனி இது கடகம் இல்லை, ஃபான் கூட்டுக்கு இடக்கையும் இல்லை வலக்கையும் இல்லை என்று சொல்லிக்கொண்டே பூட்டினேன். கூட்டைக் கழற்ற மோட்டாரின் வயரையும் வெட்டவேண்டி இருந்தது, அது கூட்டின் ஓட்டைக்குள்ளால் வந்திருந்தது. அம்மா பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “வயரை வெட்டிப்போட்டால் கரண்ட் வரேக்கை என்ன செய்வியள்” என்று கேட்டா. நான் யோசிக்காமல் “அது வராது கனகம்” என்றேன். கரண்டைத்தான் சொன்னேன். அம்மா வலக்கையை எடுத்துச் சீலைத் தலைப்பால் மூடினா. அன்று இரவு சாப்பாடு இரண்டு வாய்தான்.

அதற்குப் பிறகு நான் கேட்பதை விட்டுவிட்டேன். நானும் சின்னம்மாவும் மட்டும் பின்னேரத்தில் எறிவோம், சின்னம்மாவுக்கு நல்லாக வருகிறது, எனக்கு வருகிறதில்லை. நல்லூர்த் திருவிழாவும் முடிந்தது, இந்த முறை தேருக்குப் போகவில்லை, அம்மா வீட்டிலிருந்தபடி திசையைப் பார்த்துத் தலையைக் குனிந்தா, கை கூப்ப முடியாது என்று கண்ணை மட்டும் மூடினா. போன வெள்ளிக்கிழமை காலை நான் கிணற்றடியில் நின்றேன், சின்னம்மா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள். சங்கிலிச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் தட்டு கூட்டுக்குள் கிடக்கிறது, அம்மாவின் இடக்கை இன்னும் முன்னுக்கு நீட்டியபடி நிற்கிறது. முதல் எறி, அவ்வளவு தூரத்தில் இருந்து, இருந்த இடத்தில் இருந்தே. நான் இந்த ஆடி முழுக்க எறிந்தும் அப்படி ஒன்று எறியவில்லை. சின்னம்மா விளக்குமாற்றைப் போட்டுவிட்டு “அக்கா, அக்கா, உள்ளை விழுந்திட்டுது” என்று கை தட்டினாள். நான் வாளியைக் கிணற்றுக்குள் விட்டுவிட்டேன், அது இன்னும் உள்ளேதான் கிடக்கிறது. ஓடி வந்து பார்த்தால் அம்மா அழுகிறா. சத்தம் இல்லை, கண்ணீர் மட்டும். “ஏனப்பா, நல்லாத்தானே எறிஞ்சீர்” என்று கேட்டேன். “அப்ப இந்தக் கை போனதுதான்” என்று மடியில் கிடந்த மற்றக் கையைப் பார்த்துச் சொன்னா. “நான் இதைப் பழக்காமல் விட்டால் அது திரும்பி வரும் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான். ஒரு எறியிலை இது அதின்ரை வேலையை எடுத்திட்டுது.”

குகநேசன், நான் இத்தனை நாளும் அம்மாவுக்கு வீம்பு என்றுதான் நினைத்திருந்தேன். வீம்பு இல்லை, கதிரையை விட்டு ஆள் எழுந்து போனால் நாங்கள் வேறு யாரையும் இருக்க விடாமல் துண்டைப் போட்டு வைப்போம், அப்படித்தான் அம்மா அந்தக் கையின் இடத்தை வைத்திருந்திருக்கிறா. நான் செயினும் றிம்மும் கொண்டு அந்தத் துண்டை எடுத்துப்போட்டேன். சரியா பிழையா என்று என்னைக் கேட்காதே. அன்று மத்தியானம் சோற்றைக் கொண்டுபோனேன், அம்மா கரண்டியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, கதிரையைச் சுவர்ப் பக்கம் திருப்பச் சொன்னா, “நீங்கள் அங்காலை போங்கோ, பாக்காதேங்கோ” என்றா. நான் குசினிக்குள் நின்றேன். கோப்பை சுவரில் உரசும் சத்தம் கேட்டது, சோறு நிலத்தில் சிந்தியது, இருமினா, நான் போகவில்லை. பிறகு போய்ப் பார்த்தேன், பாதிக்கு மேல் சாப்பிட்டிருந்தா. இடக்கையை உடனே சீலைக்குள் மறைத்தா, ஏதோ களவு செய்த கை மாதிரி. அன்றிலிருந்து தினமும் அப்படித்தான், சுவரைப் பார்த்தபடி, ஆள் இல்லாத நேரம். உடம்பு கொஞ்சம் தேறும் என்று நினைக்கிறேன். சிரிப்பு அந்த ஒரு நாளோடு சரி. தட்டை அதற்குப் பிறகு தொடவில்லை, நானும் எடுத்துக் கொடுக்கவில்லை. கூட்டில் சின்னம்மா மோர்மிளகாய் காயவைக்கிறாள், கம்பிக்குள்ளால் நல்லாகக் காத்துப் படுகிறது, ஹெலி வந்தால் மிளகாயோடு தூக்கிக்கொண்டு ஓடுகிறோம்.

இனி உனக்குச் சில விஷயம். அம்மாவைக் கொழும்புக்குக் கொண்டுபோய் அங்கிருந்து கனடாவுக்குக் கூப்பிட்டு வைத்தியம் பார்க்கலாம் என்று எழுதியிருந்தாய். நீ எழுதியது உன் மனதில் இருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், ஆனால் அம்மாவுக்குக் கிளாலிக் கடலில் வள்ளத்தின் விளிம்பைப் பிடிக்க ஒரு கைதான் இருக்கிறது, இருட்டில் ஏற்றி இறக்க என் உடம்பிலும் இனிப் பலம் இல்லை. ஏறினால் சேருவோம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தக் கதையை இனி எழுதாதே. நீ எழுதினால் அம்மா மூன்று தரம் வாசிக்கச் சொல்லுவா, நானும் வாசிப்பேன், பிறகு இரண்டு பேரும் நித்திரை கொள்ளமாட்டோம். நீ இங்கே வர நினைக்காதே, அதையும் சொல்லிவிட்டேன். கை எப்படி இருக்கிறது என்று கேட்டும் எழுதாதே. என்ன சாப்பிட்டீர்கள், சின்னம்மாவின் வெங்காயம் எப்படி, அப்படிக் கேள். உன் விளையாட்டைப் பற்றி எழுது, ஆனால் நீ தோற்றதை எழுது, அம்மாவுக்கு அது பிடிக்கும். இன்னொரு தட்டு அனுப்பவேண்டாம். இரவு வேலை முடிந்து வரும்போது காதை மூடிக்கொண்டு வா, அந்தத் தொப்பி காதை மூடவில்லை. சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு, நின்றபடி சாப்பிடாதே. அறையில் உன்னோடு இருக்கும் பெடியன்களோடு சண்டை பிடிக்காதே, பிடித்தாலும் அன்றைக்கே கதைத்துவிடு. கல்யாணக் கதை இப்போது வேண்டாம் என்றாய், சரி, எங்களுக்கும் இப்போது அதைக் கேட்கும் தெம்பு இல்லை, உனக்கு விருப்பமான நேரம் சொல்லு, நாங்கள் இருந்தால் சந்தோஷப்படுவோம்.

கடிதத்தை முடிக்க முன்னம் அம்மாவிடம் பேனையை நீட்டினேன், இடக்கையால் ஒரு கோடாவது போடும், பிள்ளை பார்க்கட்டும் என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினா. “சாப்பிடுறது என்ரை வயித்துக்கு, அதுக்கு இது காணும். பிள்ளைக்குக் குடுக்கிறது இந்தக் கையாலை குடுக்கமாட்டன்” என்றா. அதனால் திருநீற்றுக் குட்டானை எடுத்துவந்து, அம்மாவின் வலக்கையை நான் என் கையில் தாங்கித் தூக்கி, மூன்று விரலையும் திருநீற்றில் தோய்த்து, இந்தத் தாளின் கீழ் மூலையில் வைத்து அழுத்தினேன். பாரமான கை. அம்மா அதைப் பார்த்துக்கொண்டே உன் பெயரைச் சொல்லி, நல்லாயிரு என்றா. இழுபட்டு ஒரு பக்கம் கோணலாகத்தான் வந்திருக்கிறது, அது என் பிழை, நான் நேராகப் பிடிக்கவில்லை. கடிதத்தை விரிக்கும்போது உதறிவிடாதே. நெற்றியில் வைத்துக்கொள், அது வலக்கைதான்.

எங்கள் இருவரின் ஆசீர்வாதமும் சின்னம்மாவின் அன்பும்.

இப்படிக்கு
உன் அப்பா
க. சோமசேகரம்